ராமலிங்க விலாசம்: சுவரைத் தொடாமல் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனையில் உள்ள தொல்லியல் துறை அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள், காட்சிப் பொருட்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். அங்கே பெரிய செல்வம் சுவர்தான். ராமநாதபுரம் மன்னர் முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்து ஓவியங்கள், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், மன்னர் ஐரோப்பியரைச் சந்திக்கும் காட்சி, ராமாயணம் என்று சுவர் சுவராக விரிகின்றன. மாடி அறையை விட்டுவிடாதீர்கள்.

சுண்ணாம்புப் பூச்சின்மேல் தீட்டிய வண்ணம் இது. விரல் வியர்வையும் தோள்பை உரசலும் போதும், உதிர்ந்துவிடும். மழை ஈரம் இறங்கினால் சுவரின் உப்பு பூத்து, வண்ணத்தைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளும். விரிசலில் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி நிலைமை மோசமாகும். சுண்ணாம்புக் காரைதான் சரி.

சுவரிலிருந்து மூன்றடி தள்ளிக் கயிற்றுத் தடுப்பும், காட்சிதோறும் தமிழ் விளக்கப் பலகையும் அவசியம் வேண்டும்.

– வாசகர், பரமக்குடி