வட்டிக் கணக்கைக் கட்டாயப் பாடமாக்குங்கள்: கல்லூரிப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். நிதிக் கல்வி பற்றிய எங்கள் கோரிக்கைக்கு இந்த முறையும் "விருப்பப் பாடமாக இருக்கிறதே" என்றுதான் பதில் தந்தீர்கள். அது வந்த வாரத்தில் என் கணித மாணவி ஒருத்தி கடன் அட்டைப் பட்டியலை நீட்டினாள். "மாதாமாதம் கட்டுகிறேன் சார், பாக்கி குறையவே இல்லையே?"

தொகை நுண்கணிதத்தைத் தடுமாறாமல் போடுகிற பெண். பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் மாத வட்டி 3 சதவீதம் என்று இருந்தது. அவள் கட்டிவந்தது குறைந்தபட்சத் தொகையான 5 சதவீதம் மட்டும். நூறு பாக்கிக்கு ஐந்து கட்டினால் மூன்று வட்டிக்கே போய்விடும். அசலில் இரண்டுதான் குறையும். அதற்குள் அடுத்த செலவு ஏறிவிடும். ஒன்றுமே கட்டாமல் விட்டாலோ, அந்த நூறு இரண்டே ஆண்டில் இருநூறைத் தாண்டும். கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். "இதை ஏன் சார் முதல் வருஷமே சொல்லித் தரவில்லை?" என்றாள். பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

கணக்கு வந்தால் மட்டும் போதாது, கடன் எப்படி நடக்கிறது என்பதும் தெரிய வேண்டும். 12 சதவீத 'ஃபிளாட்' வட்டியில் ஓராண்டு மாதத் தவணைக் கடன் வாங்கினால், அசல் குறையக் குறைய வட்டி குறையாது; முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசிவரை வட்டி. மிச்சமிருக்கும் அசலை வைத்துப் பார்த்தால், உண்மையில் கட்டுவது ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கும் மேல். இதை எந்தத் துறையில் சொல்லித் தருகிறோம்?

வயதானால் தானே தெரிந்துகொள்வார்கள் என்கிறீர்கள். பொருளாதார அறிஞர்கள் அன்னமரியா லுசார்டியும் ஒலிவியா மிட்செலும் 2004-ல் ஐம்பது வயதைத் தாண்டிய அமெரிக்கர்களிடம் வட்டி, விலைவாசி, முதலீடு பற்றி மூன்று எளிய கேள்விகள் கேட்டார்கள். மூன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்குதான்.

கடன் விற்க வருகிறவர்களுக்கு வளாகத்திலேயே மேசை போட்டுக் கொடுக்கிறோம். அப்புறம் பிள்ளைகளை ஊதாரிகள் என்கிறோம். தவணை கட்ட இரவு வேலைக்குப் போய்விட்டு வகுப்பில் தூங்குகிறவனுக்கு வருகைப்பதிவு இல்லை என்று அபராதமும் போடுகிறோம்!

சரி, கோபத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: முதல் பருவத்தில், எல்லாத் துறைக்கும், கட்டாயப் பாடம். சிக்கனத்தின் பெருமையைப் பற்றிய கட்டுரை வேண்டாம். நிஜமான கடன் ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்துக் கணக்குப் போட வையுங்கள். அடுத்த கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ளும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வகுப்பெடுக்க ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியர்