தூது போனவருக்கு அத்தாட்சி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து அயர்லாந்தில் நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சி பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரை, பெண்கள் சமைத்தார்கள், காயத்துக்குக் கட்டுப் போட்டார்கள் என்று ஒரே வரியில் தாண்டிவிட்டது. அது பெரிய குறை.

1914 ஏப்ரலில் டப்ளினில் தொடங்கிய 'கும்மன் ந மான்' என்ற பெண்கள் அமைப்பு, முதலுதவியோடு சமிக்ஞை அனுப்பவும் துப்பாக்கி துடைக்கவும் பழக்கியது. எழுச்சி நடந்த அந்த வாரம் படைப்பிரிவுகளுக்கு இடையே கடிதம் கொண்டுபோனவர்களில் பலர் பெண்கள். பெண்ணைத் தொட்டுச் சோதிக்கச் சிப்பாய் தயங்குவான் என்பது கணக்கு. பின்னாளில் பிரிட்டிஷார் இதைப் புரிந்துகொண்டு, சோதனை போடவே பெண்களை வேலைக்கு வைத்தார்கள்.

சரணடையும் செய்தியோடு, சுடும் தெருவில் வெள்ளைக்கொடி பிடித்து நடந்தவர் எலிசபெத் ஓ'ஃபாரல் என்ற நர்ஸ். எழுச்சியின் தலைவர் பியர்ஸ் சரணடையும் புகைப்படத்தில் அவருக்குப் பின்னால் தெரிவது இவருடைய பாதமும் பாவாடை ஓரமும்தான். சில அச்சுகளில் அதையும் அழித்துவிட்டார்கள்.

பென்ஷனில்தான் கொடுமை. மார்கரெட் ஸ்கின்னிடர் கணக்கு டீச்சர்; சைக்கிளில் தூது போனவர், சண்டையில் மூன்று குண்டு வாங்கியவர். 1925இல் மனு போட்டார். சட்டத்தில் 'சிப்பாய்' என்றால் ஆண் என்று சொல்லி மறுத்தார்கள். 1938இல்தான் கிடைத்தது. 1934 பென்ஷன் சட்டம் கும்மன் ந மான் பெண்களைச் சேர்த்துக்கொண்டாலும், ஐந்து தரங்களில் கடைசி இரண்டைத்தான் அவர்களுக்குக் கொடுத்தது.

இங்கேயும் 1972இல் வந்த விடுதலைப் போராட்டத் தியாகி பென்ஷனுக்குச் சிறைச் சான்றுதான் முக்கிய அடிப்படை: ஆறு மாதம், பெண்களுக்கு மூன்று. பிடிபடாமல் கடிதம் கொண்டுபோனவரிடம் அந்தக் காகிதம் எப்படி இருக்கும்? தூதின் வெற்றியே தடயம் விடாததில்தானே.

அயர்லாந்தில் 1947 முதல் பத்தாண்டு உட்கார்ந்து, பெண்களும் உட்பட 1,773 வாக்குமூலங்களை எழுதி வாங்கினார்கள். சேலத்தில் விடுதலைப் போராட்டத் தலைமுறையே ஏறக்குறைய போய்விட்டது. மகள், மருமகள், பேத்தியிடம்தான் கேட்க வேண்டும். "பாட்டி ஜெயிலுக்குப் போனாங்களா?" என்று தொடங்கினால் "இல்லீங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ராத்திரி யார் வந்து தங்கினார்கள், யாருக்குச் சோறு போனது, துணி மூட்டைக்குள் என்ன இருந்தது என்று கேளுங்கள். தேதி நினைவில்லை என்றால், கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு முன்னா பின்னா என்று கேட்டால் மாதம் பிடிபடும். 'இன்னார் சம்சாரம்' என்று எழுதாமல் அவருடைய சொந்தப் பெயரை வாங்குங்கள். சொன்னவர் நேரில் பார்த்ததையும் பிறர் சொல்லிக் கேட்டதையும் தனித்தனியாகக் குறியுங்கள். இரண்டும் கலந்தால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

இப்படி வருகிற குறிப்புகளுக்குத் தங்கள் சேலம் பதிப்பில் வாரம் கால் பக்கம் ஒதுக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியர்கள் சிலர்,
அஸ்தம்பட்டி, சேலம்.