பல்கலைக்கழகம் மாற நினைப்போருக்கும் வழிகாட்டல் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் பல்கலைக்கழக நுழைவுக்கு முந்தைய ஏ நிலைத் தேர்வு முடிவுகள் வரும் காலத்தில், எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் படிப்பைக் கேட்கலாம் என்று தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்கு எடுத்துச் சொல்ல நம் சமூகத்தில் ஆள் இருக்கிறது. ஏற்கெனவே ஓராண்டோ ஈராண்டோ பட்டப்படிப்பு படித்துவிட்டு, குடும்பச் சூழலாலோ, செலவு கட்டுப்படியாகாமலோ, எடுத்த படிப்பு ஒத்துவராததாலோ வேறு பல்கலைக்கழகத்திற்கு மாற விரும்பும் மாணவர்களுக்கு அப்படி யாரும் இல்லை என்பதே என் கவலை. வீட்டில் பேச்செடுத்தால், “பாதியில் விட்டுவிட்டு வரப் போகிறாயா?” என்ற கேள்விதான் முதலில் வருகிறது. அதற்கு அஞ்சும் பிள்ளைகள் சிலர், படித்துக்கொண்டிருக்கும் இடத்திலிருந்து விலகிய பிறகே பெற்றோரிடம் விவரம் சொல்கிறார்கள்.

புதிய இடம் எழுத்துவழி உறுதியாகும் வரை பழைய இடத்தை விடக்கூடாது என்பதைத்தான் இவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டும். இங்குள்ள தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களில் மாற்று மாணவராக, அதாவது வேறு பல்கலைக்கழகத்திலிருந்து மாறி வந்து சேர விரும்புபவரும் மற்றவர்களைப் போலவே போட்டியிட்டுத்தான் இடம் பெற வேண்டியிருக்கிறது. இதுவரை பெற்ற பல்கலைக்கழக மதிப்பெண்களோடு பழைய ஏ நிலை அல்லது பட்டயத் தேர்ச்சியையும் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமாக, முன்பு படித்த பாடங்களில் எவற்றை ஏற்பார்கள் என்பது பெரும்பாலும் இடம் கிடைத்த பிறகுதான் முடிவாகிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டுப் பட்டத்தின் எட்டுப் பருவங்களுக்குப் பொதுவாக 160 அலகுகள் (பாடங்களில் தேர்ச்சி பெற்றுச் சேர்ப்பவை), அதாவது பருவத்திற்கு 20, தேவை. ஒரு பாடத்திற்கு வழக்கமாக 4 அலகுகள். ஆகவே ஐந்து பாடங்கள் ஏற்கப்படாமல் போனால், ஏறத்தாழ ஒரு பருவத்தின் படிப்பையும் கட்டணத்தையும் மீண்டும் சுமக்க நேரிடும்.

ஆஸ்திரேலியாவில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த என் அக்காள் மகள், தந்தையின் உடல்நலம் குன்றியதால் இங்கே மாறி வந்தாள். முதலில் அவள் அனுப்பிய மதிப்பெண் பட்டியலில் ‘கணிதம் 2’ என்ற பெயரும் தரநிலையும் மட்டுமே இருந்தன. அந்தப் பாடம் ஏற்கப்படவில்லை. பிறகு பழைய விரிவுரையாளருக்கு எழுதி, வாரவாரம் நடத்திய தலைப்புகள், வகுப்பு நேரம், பாடநூல்களின் பெயர்கள், தேர்வுக்கும் ஒப்படைப்புக்கும் எத்தனை விழுக்காடு என்பன அடங்கிய பாடத்திட்டத்தைப் பெற்று அனுப்பினாள். அதன் இரண்டாம் பக்கத்தில் நேரியல் இயற்கணிதம் தெளிவாக இருந்ததைப் பார்த்த பிறகே அப்பாடத்திற்கு அலகு வழங்கினார்கள். பல்கலைக்கழகக் கணக்கை மூடியதும் இத்தகைய பாடத்திட்டங்களை இணையத்தில் திறக்க முடியாமல் போகலாம். எனவே மாறும் எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு பருவம் முடிந்ததும் அவற்றைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளும்படி மாணவர்களை மிகவும் வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். கல்வி அமைச்சின் கட்டண மானியத்தைப் பெற்று உள்ளூரில் சில பருவங்கள் படித்தவர், வேறு படிப்பில் புதிதாகத் தொடங்கும்போது முழுக் காலத்திற்கும் மானியம் கிடைக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. மானியத்திற்காக, படிப்பு முடிந்தபின் 3 ஆண்டு வேலை பார்ப்பதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுள்ள நிரந்தரவாசிகளும் வெளிநாட்டு மாணவர்களும், இடையில் விலகினால் அந்த ஒப்பந்தம் என்னவாகும் என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெளிய வேண்டும். இங்கிருந்து வெளிநாட்டிற்கு மாறுவோர்க்கும் நடைமுறை ஒன்றாக இராது. பிரிட்டனில் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ப்பார்களா என்பதை அந்தந்தத் துறையிடமே கேட்க வேண்டும். அமெரிக்காவில் மாற்று மாணவர்களுக்கென்று தனி விண்ணப்பமே உண்டு.

இவற்றில் எதுவும் இரகசியமன்று. ஆனால் பல அலுவலகங்களின் பக்கங்களில் சிதறிக் கிடப்பவற்றை, மனச்சோர்வில் இருக்கும் 20 வயதுப் பிள்ளை தனியே தேடித் தொகுப்பது எளிதன்று. மாறி வந்து படித்து முடித்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தேசியப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் தமிழ் இலக்கிய மன்றம் ஆகியவை அத்தகையோரை அழைக்கவும், சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் இடமளித்துப் பெற்றோரையும் வரவழைக்கவும் முன்வந்தால், ஒரு பிற்பகலிலேயே பலருடைய குழப்பம் தீரும். வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகள் டிசம்பரில் வீடு திரும்புகிறார்கள். உள்ளூர் விண்ணப்பங்களோ ஆண்டின் தொடக்க மாதங்களில் முடிந்துவிடுகின்றன. ஆகவே இத்தகைய சந்திப்பை டிசம்பர் விடுமுறையிலேயே நடத்துமாறு இவ்வமைப்புகளைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி,
ஈசூன்