லண்டன் பூனையும் பதினோராம் மாடிப் பூனையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

‘லண்டனில் பூனைகள் சுதந்திரமாகத் திரிகின்றன, இங்கே மட்டும் ஏன் வலையடித்து வைக்க வேண்டும்?’ சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க 2024 செப்டம்பர் 1 முதல் அனுமதி வந்ததிலிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. லண்டன் பூனை சன்னலிலிருந்து குதித்தால் பின்பக்கத் தோட்டம். இங்கே பதினோரு மாடி.

இங்கிலாந்தில் கதவின் அடியிலேயே பூனை போய்வர ஒரு குட்டிக் கதவு வைப்பார்கள். 20 வார வயதுக்குள் அடையாள நுண்சில்லு (மைக்ரோசிப்) பொருத்தினால் போதும், அதுவே 2024 ஜூன் முதல்தான் சட்டம். ஆஸ்திரேலியத் தலைநகர் கேன்பராவில் நேர்மாறு: 2022 ஜூலை 1 முதல் பிறந்த பூனைகள் வளர்ப்பவரின் இடத்தைவிட்டு வெளியே திரியக் கூடாது. உள்ளூர்ப் பறவைகளையும் சிறு விலங்குகளையும் காப்பாற்றத்தான். இஸ்தான்புல்லிலோ பல பூனைகளைத் தெருவே வளர்க்கிறது. நம் ஊரில் அடுக்குமாடி புளோக்கின் கீழே இஸ்தான்புல், மேலே கேன்பரா.

மேலே இருப்பதற்கு வலைதான் உயிர். ‘பூனை விழுந்தாலும் காலூன்றி நிற்கும்’ என்பது பாதி உண்மை. காலூன்றிய பூனைக்கும் தாடை உடையும், நெஞ்சில் அடிபடும், முன்னங்கால் முறியும். அந்துப்பூச்சியையோ மைனாவையோ பாயப் போய்ச் சறுக்குவதுதான் வழக்கம். சன்னல் கம்பி இருக்கிறதே என்று இருந்துவிட வேண்டாம். தலை நுழையும் இடைவெளியில் உடம்பும் நுழையும்.

காந்தத்தில் ஒட்டும் கொசுவலை ஒரு முட்டுக்குத் திறந்துகொள்ளும், துணி வலை நகத்துக்குக் கிழியும். 2.5 சென்டிமீட்டருக்கு மேற்படாத கண்ணுள்ள, பிளாஸ்டிக் பூசிய கம்பி வலையைச் சன்னல் கம்பியின் உட்பக்கமாக வைத்து, 10 சென்டிமீட்டருக்கு ஒரு கேபிள் டை (இழுத்து இறுக்கும் பிளாஸ்டிக் பட்டை) போட்டு இறுக்குங்கள். மூலைகளில் இரண்டிரண்டு. வெயில்படும் பக்கத்து டைகள் நாளடைவில் மொறுமொறுத்து அறுந்துவிடும். மாதம் ஒருமுறை விரலால் இழுத்துப் பார்க்க வேண்டும். வாசல் கேட்டில் பாதி உயரத்துக்கு வலையடிப்பது வீண்வேலை, பூனைக்கு அது ஏணி. கடைசியில் எல்லாரும் மறப்பது துணி காயப்போடும் பின்பக்கச் சன்னலையும் குளியலறைச் சன்னலையும்தான்.

நுண்சில்லு அரிசி மணி அளவு. தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசியால் வைப்பார்கள். பூனை எங்கே இருக்கிறது என்று அது காட்டாது. 15 இலக்க எண் ஒன்றை மட்டும் சொல்லும். பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே உங்கள் பழைய கைப்பேசி எண் இருந்தால் சில்லு இருந்தும் பயனில்லை. வீவக வீட்டுக்கு இரண்டு பூனைதான். முன்பே அதற்கு மேல் வைத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள, உரிமம் எடுக்கக் கொடுத்த கெடு 2026 ஆகஸ்ட் 31.

இன்னொன்று. கீழ்த்தளப் பூனையைப் பாவம் பார்த்துத் தூக்கிக்கொண்டு போகுமுன் காதைப் பாருங்கள். இடது காதின் நுனி கத்தரித்தாற்போல் நேராக இருந்தால் அது சண்டைக் காயமல்ல; கருத்தடை செய்ததற்கான அடையாளம். ஜப்பானில் இதையே செர்ரி இதழ் போல ஒரு வெட்டாகப் போடுகிறார்கள், பெரும்பாலும் ஆணுக்கு வலக்காது, பெண்ணுக்கு இடக்காது. அப்படிப்பட்ட பூனைக்கு அந்த புளோக்கில் தினமும் சாப்பாடு வைப்பவர் ஒருவர் இருப்பார். முதலில் அவரைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
தெம்பனிஸ் வாசகர்