செல்விக்கு, தையல் அறை போடுவது பற்றி

கிருஷ்ணகிரி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. வளர்மதிக்கு ஓசூரில் வேலை கிடைத்ததும், அவள் அறையை இனி உன் தையலுக்கே வைத்துக்கொள் என்று அண்ணன் சொல்லிவிட்டதும் படிக்க அத்தனை சந்தோஷமாக இருந்தது. அத்தைக்கு முட்டி வலி குறைந்ததா? இங்கே எல்லோரும் நலம். மாம்பழம் முடிகிற நேரம், சந்தையில் நீலம்தான் மிச்சம்.

அலமாரிக்குத் தச்சர் சொன்ன விலையைப் பார்த்தேன். இப்போதைக்கு அட்வான்ஸ் கொடுக்காதே. அந்தப் பணத்தில் முதலில் துணி வெட்டும் மேசை போடு, அடுத்து வெளிச்சம், அதற்கடுத்து இஸ்திரிக்கு ஓர் இடம். மிச்சம் இருந்தால் அலமாரி. மெஷினை மாற்றுவதைப் பற்றி இந்த வருஷம் யோசிக்கவே வேண்டாம். ஜாக்கெட் கெட்டுப்போவது பெரும்பாலும் மெஷினில் இல்லை, வெட்டில்தான். தரையில் உட்கார்ந்து வெட்டும்போது உடம்பைத் தாங்க ஒரு கை போய்விடுகிறது, முட்டிக்கு அடியில் துணி நகர்கிறது, மேல் மடிப்பும் கீழ் மடிப்பும் கால் இஞ்ச் விலகுகின்றன. தைத்து முடித்த பிறகு ஒரு பக்கத் தோள் இறங்கியிருக்கும், தையலைப் பிரித்துப் பிரித்துத் தைத்தாலும் சரியாகாது. கட்டில் மேல் வெட்டுவது அதைவிட மோசம். மெத்தை அமுங்கும், கத்தரி துணியைத் தூக்கிக்கொண்டு போகும்.

மேசைக்கு 19 மில்லிமீட்டர் பிளைவுட் 8 அடிக்கு 4 அடி ஷீட் ஒன்று போதும். கடையிலேயே அறுத்துத் தருவார்கள். முதலில் 8 அடி நீளத்தை 5 அடி, 3 அடி என்று இரண்டாகப் பிரிக்கச் சொல். 5 அடித் துண்டில் 3 அடி அகலம் எடுத்தால் அது மேசைப் பலகை. மிஞ்சும் 5 அடிக்கு 1 அடி, சுவரில் நூல் டப்பா வைக்கும் தட்டு. 3 அடித் துண்டில் ஒன்றரை அடி அகலம் எடுத்தால் இஸ்திரிப் பலகை ஆச்சு. அதிலும் மிஞ்சுவதை மேசைக்கு அடியில் குறுக்குத் தட்டாகப் போட்டுக்கொள்ளலாம், அறுக்கும்போது கொஞ்சம் தூளாகப் போவதால் கடைசித் துண்டு கால் இஞ்ச் குறையும். கால்களுக்கு இரும்புச் சட்டம் வெல்டிங் பண்ணிக்கொள், மரத்தைவிட ஆடாது.

உயரம்தான் முக்கியம், அதைத் தச்சர் இஷ்டத்துக்கு விடாதே. சாப்பாட்டு மேசை மாதிரி 30 இஞ்ச் வைத்துவிடுவார், பத்து ஜாக்கெட் வெட்டுவதற்குள் இடுப்பு விட்டுவிடும். செருப்பில்லாமல் நேராக நின்று முழங்கையை மடக்கு. தரையிலிருந்து முழங்கை வரை அண்ணனை அளக்கச் சொல். அதில் 3 அல்லது 4 இஞ்ச் குறைத்தால் உன் மேசை உயரம். உன் உயரத்துக்கு 34 இஞ்ச் பக்கம் வரும் என்று நினைக்கிறேன், ஆனால் அளந்துதான் சொல்ல வேண்டும்.

பலகை மேல் மைக்கா ஒட்டலாமா என்று தச்சர் கேட்பார். பளபள மைக்கா வேண்டாம், பட்டும் ஜார்ஜெட்டும் வழுக்கிக்கொண்டு ஓடும். சொரசொரப்பில்லாமல் தேய்த்த பலகை மேல் பழைய காட்டன் வேட்டியை இழுத்து அடியில் ஆணி அடித்துவிட்டால் துணி நின்ற இடத்தில் நிற்கும். மேசையின் நீள ஓரத்தில் ஓர் இஞ்ச் டேப்பை ஒட்டிவிடு. ஒட்டும் முன் இரும்பு ஸ்கேலோடு வைத்துப் பார். பழைய டேப் இழுபட்டு நீண்டிருக்கும், அதை நம்பி வெட்டினால் எல்லா ஜாக்கெட்டும் ஒரே மாதிரி தப்பாகும்.

அறை 10 அடிக்கு 9 அடி, ஜன்னல் கிழக்கில், கதவு வடக்குச் சுவரில் கிழக்கு ஓரமாக என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் மெஷினைத் தென்கிழக்கு மூலையில், தெற்குச் சுவரைப் பார்த்துப் போடு. ஜன்னல் வெளிச்சம் இடது பக்கம் வரும். மெஷின் தலையின் தடித்த பாகம் வலப்பக்கம் நிற்கிறது, உன் வலது கையும் அங்கேதான், அதனால் வலமிருந்து வரும் வெளிச்சம் ஊசிக்குப் போய்ச் சேராது. அதே சுவரில் மெஷினுக்கு வலப்பக்கம் இஸ்திரிப் பலகை. வெட்டும் மேசையின் குறுகிய பக்கம் மட்டும் மேற்குச் சுவரைத் தொடட்டும். வடக்குச் சுவருக்கும் மேசைக்கும் நடுவில் 2 அடி விடு. இப்படிப் போட்டால் மூன்று பக்கமும் நின்று வெட்டலாம், துணியைத் திருப்பத் தேவையில்லை, நீதான் சுற்றி வருவாய். வெட்டிய துணியைத் திருப்பினால் சாக் கோடு அழியும், அடி மடிப்பு நகரும். இடம் மிச்சம் பண்ணுகிறேன் என்று மேசையின் நீளப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டிவிடாதே.

மெஷின் முன்னால் நாற்காலி போடும்போது மேசைக்கு நடுவில் போடாமல் ஊசிக்கு நேராகப் போடு. உன் மூக்கும் ஊசியும் ஒரே நேரில் இருக்க வேண்டும். நடுவில் உட்கார்ந்தால் கழுத்து எப்போதும் இடப்பக்கம் திரும்பியே இருக்கும், சாயங்காலம் தோள்பட்டையில் வலி பிடித்துக்கொள்ளும். முதுகு சாய்கிற நாற்காலியாக இருக்கட்டும். முக்காலியில் நாள் முழுக்கத் தைக்க முடியாது.

வெளிச்சத்துக்கு 4 அடி எல்இடி ட்யூப் 20 வாட்ஸ் ஒன்றை வெட்டும் மேசைக்கு மேலே மாட்டு. மெஷினுக்கு அது உதவாது, முதுகுக்குப் பின்னால் இருக்கிற விளக்கு உன் தலை நிழலைத்தான் ஊசி மேல் போடும். கழுத்து வளைகிற சின்ன விளக்கு ஒன்றை மெஷின் மேசையின் இடது ஓரத்தில் மாட்டிக்கொள். இரண்டுமே வெள்ளை வெளிச்சமாக வாங்கு. மஞ்சள் வெளிச்சத்தில் கறுப்பும் கருநீலமும் ஒன்றாகத் தெரியும், சந்தன நிறமும் வெள்ளையும் குழம்பும். நூல் பொருத்தம் மட்டும் பகலில் ஜன்னலோரம் பார்த்துவிடு. ரீலைத் துணி மேல் வைத்துப் பார்க்காதே, ஒரு இழை நூலைப் பிரித்துப் போட்டுப் பார். சரியான நிறம் இல்லாவிட்டால் ஒரு மட்டம் கூடுதலான நிறம் எடு. வெளிறிய நூல் பளிச்சென்று வெளியே தெரியும்.

பல்லி இருக்கிறதே, அது ட்யூப் லைட்டை விடாது. ராத்திரி மேசை மேல் பட்டுத் துணியை விரித்தபடி விட்டுவிட்டுப் போனால் காலையில் எச்சம் விழுந்திருக்கும், பட்டில் அந்தக் கறை போகவே போகாது. வேலை முடிந்ததும் பழைய புடவை ஒன்றால் மேசையை மூடிவிட்டுப் போ. மெஷினுக்கும் ஒரு உறை தைத்துக்கொள். உங்கள் பாலக்கோடு பக்கம் ஆடிக் காற்றில் செம்மண் எப்படிப் பறக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தூசி எண்ணெயோடு சேர்ந்தால் குழம்பாகி, ஊசிக்கு அடியில் ஓடும் ஷட்டிலின் பாதையைத் தேய்த்துவிடும்.

கரண்ட் வேலைக்கு ஆள் வரும்போது தெற்குச் சுவரில், மேசை மட்டத்துக்கு மேலே, இரண்டு ப்ளக் வைக்கச் சொல். ஒன்று மெஷின் மோட்டாருக்கும் சின்ன விளக்குக்கும். இன்னொன்று இஸ்திரிப் பெட்டிக்குத் தனி லைனில் 16 ஆம்பியர் ப்ளக். 1000 வாட்ஸ் பெட்டி 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகினால் பெட்டி சூடு ஏறும்போதெல்லாம் விளக்கு மங்கும், நாளடைவில் ப்ளக் பின் தளர்ந்து கருகும். எர்த் இருக்கிறதா என்று கண்டிப்பாகப் பார்க்கச் சொல், மெஷின் முழுக்க இரும்பு.

இஸ்திரிப் பலகை மேல் பழைய கம்பளியை இரண்டு மடிப்பாகப் போட்டு, அதன் மேல் வெள்ளைக் காட்டன் துணியை இழுத்துக் கட்டு. ஸ்பாஞ்ச் வேண்டாம், சூட்டில் உருகும், அழுத்தமும் நிற்காது. ஒவ்வொரு தையலையும் அடுத்த தையல் அதன் குறுக்கே போகும் முன் தேய்த்துவிட வேண்டும். உடம்பு வளைவுக்காக முனை கூராக மடித்துப் பிடிக்கிற டாட்டைத் தைத்ததும் தேய்க்காமல் பக்கவாட்டைச் சேர்த்தால் டாட் முனை குமிழ் மாதிரி நிற்கும், பிறகு எவ்வளவு தேய்த்தாலும் படியாது. கடைத் தையலுக்கும் வீட்டுத் தையலுக்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான். இஸ்திரிப் பெட்டி அடுத்த அறையில் இருந்தால் யாருமே எழுந்து போய்த் தேய்க்க மாட்டோம், அதனால்தான் கைக்கெட்டும் தூரத்தில் வை என்கிறேன். டாட் மேட்டைத் தேய்க்க ஒரு துண்டை இறுக்கமாகச் சுருட்டிக் கட்டி அடியில் வைத்துக்கொள். ஸ்டீம் பெட்டி வாங்கினால் போர் தண்ணீர் ஊற்றாதே. நம் பக்கத்து உப்புத் தண்ணீரில் ஓட்டை எல்லாம் வெள்ளையாக அடைத்துக்கொண்டு, ஒரு நாள் பட்டு மேல் துப்பும்.

லைனிங் துணியை வாங்கினபடியே வெட்டாதே. ஒரு ராத்திரி தண்ணீரில் ஊற வைத்து, பிழியாமல் நிழலில் உலர்த்தி, தேய்த்துவிட்டு வெட்டு. இல்லாவிட்டால் முதல் துவைப்பில் லைனிங் சுருங்கும், மேல் துணி சுருங்காது, ஜாக்கெட் முழுக்கச் சுருக்கம் விழும். வெள்ளை, கறுப்பு, சந்தனம், மெரூன் இவற்றை மொத்தமாக எடுத்து ஒரே தடவையில் நனைத்து வைத்துவிடலாம். பர்கூருக்குப் போனால் ஒரே தெருவில் ஜவுளிக் கடை கடையாக விலை கேட்டுக்கொண்டே வரலாம். ஜரிகை ஓரமும் ஆரி வேலைக்கு மணியும் வேண்டுமானால் மட்டும் பெங்களூர் சிக்பேட்டைக்குப் போனால் போதும்.

ஃபேனுக்கு நேர் கீழே மேசை வந்தால் மெல்லிய துணி பறக்கும். இதற்குக் குண்டூசி குத்தாமல் கனம் வை. இங்கே கிரானைட் அறுக்கிற இடங்களில் உள்ளங்கை அளவுத் துண்டுகள் கிடைக்கும், ஓரம் தேய்த்துத் துணிப் பையில் போட்டுத் தைத்து ஆறு வைத்துக்கொள். பட்டில் ஊசி குத்தினால் ஓட்டை நிற்கும், கனம் வைத்தால் அந்தப் பயம் இல்லை. தரையில் சிந்தும் ஊசிக்குப் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி மேசைக் காலில் தொங்கவிடு. பேரன் பேத்தி தவழ்கிற வீடு.

சின்னச் சாமானுக்கு அத்தையின் பழைய அஞ்சறைப் பெட்டியைக் கேட்டு வாங்கு. கொக்கி, அதன் கண்ணி, பிரஸ் பட்டன், சட்டைப் பட்டன், அடி நூல் சுற்றும் பாபின் எல்லாம் தனித்தனியாக நிற்கும், மூடியும் உண்டு. நூலை ஆணியடித்த பலகையில் அழகாக மாட்டி வைப்பதைப் பார்த்திருப்பாய். நம் ஊர்த் தூசிக்கும் வெயிலுக்கும் அது ஒத்துவராது. மூடி போட்ட டப்பாதான் சரி. பழைய நூலை ஒரு முழம் இழுத்துப் பார், சட்டென்று அறுந்தால் தூக்கிப் போடு. அதை வைத்துத் தைத்துவிட்டு, நூல் இறுக்கத்துக்கான டென்ஷனைத் திருகிக்கொண்டிருப்பது வீண். நூல் ரீலோடு பாபினை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதே, சித்திரை வெயிலில் உருகி நூலில் ஒட்டும்.

கத்தரி இரண்டு வேண்டும். 10 இஞ்ச் துணிக்கு மட்டும், சின்னது காகிதத்துக்கு. துணிக் கத்தரியின் பிடியில் சிவப்பு நாடா கட்டிவிட்டு, வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடு. பேட்டர்ன் காகிதம் வெட்டினாலே முனை மழுங்கிவிடும்.

வெளியார் துணி வாங்க ஆரம்பித்தால் ஆளுக்கு ஒரு துணிப் பை. அளவு ஜாக்கெட், துணி, லைனிங், கொடுக்க வேண்டிய தேதி எழுதிய சீட்டு எல்லாம் அதற்குள். வடக்குச் சுவரில் வரிசையாகக் கொக்கி அடித்துத் தேதி வாரியாக மாட்டு. வெட்டியதில் மிஞ்சிய பிட்டுத் துணியும் அதே பையில் திரும்பிப் போக வேண்டும், கேட்பதற்கு முன்னால் கொடுத்துவிட்டால் அந்த ஆள் வேறு கடைக்குப் போக மாட்டார்.

உன் பழைய கால் மெஷினுக்கு மோட்டார் போடுவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். போடலாம். ஆனால் முதலில் மிதி ஏன் கனக்கிறது என்று பார். தோல் பெல்ட் ரொம்ப இறுக்கமாக இருக்கலாம், அல்லது எண்ணெய் காய்ந்து இறுகியிருக்கலாம். பெல்ட் தளர்ந்து வழுக்கினால் அரை இஞ்ச் வெட்டிக் கிளிப்பை மாற்றிப் போடு, அதற்கு மேல் வெட்டாதே. இறுகிய மெஷினுக்கு எண்ணெய் துளைகளில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுச் சும்மா ஓட்டி, அழுக்கைத் துடைத்துவிட்டு, மெஷின் எண்ணெய் துளைக்கு ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் விட்டிருந்தால் அதுதான் பிசினாகிப் பிடித்திருக்கும். அடித் தையலில் கொத்துக் கொத்தாக நூல் நின்றால் மேல் நூலைக் கோர்த்ததில்தான் பிழை. துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு முதலிலிருந்து கோர். தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசியை மாற்று. பருத்தி ஜாக்கெட்டுக்கு 14 நம்பர், மெல்லிய பட்டுக்கு 11, ஜீன்ஸ் மடிக்க 16. ஊசியின் நீளப் பள்ளம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்திலிருந்துதான் நூல் உள்ளே போக வேண்டும், மாறி மாட்டினால் ஒரு தையலும் பிடிக்காது.

ஓவர்லாக் மெஷின் இப்போது வேண்டாம். மாதம் எத்தனை சுடிதார் வருகிறது என்று பார்த்துவிட்டு முடிவு பண்ணலாம், அதுவரை ஓரம் அடிக்க வெளியே கொடுத்துக்கொள்.

முழங்கை உயரமும், ஜன்னல் அடிப்பாகம் தரையிலிருந்து எத்தனை இஞ்ச் என்பதும் அடுத்த கடிதத்தில் எழுது. ஜன்னல் 30 இஞ்சுக்குக் கீழே இருந்தால் மெஷினை மூலையோடு ஒட்டிப் போட முடியாது, ஜன்னல் கதவு இடிக்கும். அப்போது எதை எங்கே போடுவது என்று மாற்றி எழுதுகிறேன்.

அண்ணனுக்கும் அத்தைக்கும் என் வணக்கம். வளர்மதியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மஞ்சுளா