ரோலர் மாட்டுனா வேலை முடிஞ்சுதுன்னு எழுதாதீங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல வீட்டுல கடல்தண்ணி மீன் தொட்டி வைக்கிறது பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், படமெல்லாம் பிரமாதம், தமிழ்ல இதப்பத்தி எழுதுறவங்களே கம்மி அதனால சந்தோஷம்தான். ஆனா ஆட்டோமேட்டிக் ரோலர் ஃபில்டர் பத்தி ரெண்டே வரி, அதுவும் அத மாட்டிட்டா தொட்டி பக்கம் திரும்பியே பாக்க வேணாங்கற மாதிரி எழுதிட்டீங்க. கொளத்தூர் பக்கம் மீன் கடைக்கு போனாலும் இதே பேச்சுதான் கேக்குது. மெஷின் நல்ல மெஷின், நானும் வெச்சிருக்கேன், எடுத்துடுன்னு சொன்னா எடுக்க மாட்டேன். அது என்ன செய்யும் என்ன செய்யாதுன்னு தெரியாம ஆயிரக்கணக்குல காச கொட்டிட்டு அப்புறம் பொழுதுபோக்கே வேணாம்னு ஓடுறவங்கள பாத்துட்டேன், அதனாலதான் இந்த கடிதம்.

விஷயம் தெரியாதவங்களுக்காக ஒரு நிமிஷம். ரீஃப் டேங்க்ல, அதாவது பவளம் வளக்குற கடல்தண்ணி தொட்டியில, மேல் தொட்டியில வழியுற தண்ணி பைப் வழியா கீழ கேபினெட்டுக்குள்ள இருக்கிற சம்புங்கிற சின்ன தொட்டிக்கு இறங்கும், அங்க சுத்தமாகி ரிட்டர்ன் பம்ப் மூலமா திரும்ப மேல போகும். இறங்குற இடத்துல முன்னாடியெல்லாம் ஃபில்டர் சாக்ஸ்னு 100 இல்ல 200 மைக்ரான் அளவு பொடி ஓட்டை இருக்கிற துணிப்பை மாட்டுவோம், மீன் கழிவு, மிச்சத் தீனி எல்லாம் அதுல சிக்கும். சிக்குனத மூணு நாலு நாளைக்கு ஒருக்கா எடுத்து அலசணும், யாரு அலசுறா சொல்லுங்க, வெளியூரு, கல்யாணம், காய்ச்சல்னு விட்டுட்டா அந்த பைக்குள்ளயே எல்லாம் அழுகி அமோனியா ஆகி, அத பாக்டீரியா நைட்ரைட்டாக்கி நைட்ரேட்டாக்கி, கடைசில கண்ணாடி முழுக்க பாசி. ரோலர்ல பைக்கு பதிலா நீளமான ஃப்ளீஸ் துணி ரோல். துணி அடைக்க அடைக்க உள்பக்கம் தண்ணி மட்டம் ஏறும், ஃப்ளோட் சென்சார் அத பாத்து மோட்டார ஓட்டும், கொஞ்சம் புதுத்துணி உள்ள வரும், அழுக்குத்துணி தண்ணிய விட்டு வெளிய போய் சுருண்டுக்கும். ஜெர்மனிக்காரங்க தைலிங் ரோலர்மேட், கிளாரிசீ, ரெட் சீயோட ரீஃப்மேட்னு எத வாங்கினாலும் அடிப்படை இதேதான். கழிவு தண்ணியில கரைஞ்சு அழுகறதுக்கு முன்னாடியே நிறைய வெளிய போயிடுது, அதுதான் இதோட மொத்த பெருமையும்.

ஆனா துகளா மிதக்குற தூசு தும்ப மட்டும்தான் இது பிடிக்கும். தண்ணியில கரைஞ்சு கிடக்குற புரதம், மீன் விடுற அமோனியா எல்லாம் துணிய தாண்டி ஜம்முனு போயிடும். அமோனியாவ கவனிக்கிறது லைவ் ராக்னு தொட்டிக்குள்ள போடுற கல்லுல குடியிருக்கிற பாக்டீரியா, கரைஞ்ச புரதத்த நுரையா தள்றது ஸ்கிம்மர்ங்கிற மெஷின். ரோலர் வந்ததும் ஸ்கிம்மர் கப்ல அழுக்கு கம்மியாத்தான் சேரும், அத பாத்துட்டு ஸ்கிம்மர் இனி தண்டம்னு கழட்டி ஓஎல்எக்ஸ்ல போடுறாங்க, குப்பை வண்டி தெனம் வருதுன்னு சாக்கடைய மூடுவாங்களா? அதோட தண்ணிக்குள்ள காத்து ஏத்துறதும் ஸ்கிம்மர்தான், சென்னை வெயில்ல சூடான தண்ணியில ஆக்சிஜன் ஏற்கனவே கம்மியாத்தான் நிக்கும், தண்ணிய குளிர வைக்கிற சில்லர் ஒருநாள் மக்கர் பண்ணா அன்னிக்கு தெரியும் ஸ்கிம்மரோட அருமை.

சரி மாட்டுற விஷயத்துக்கு வர்றேன், கட்டுரையில சுத்தமா இல்லாதது இதுதான். முதல்ல சைஸு. டப்பாவுல இத்தனை லிட்டர் தொட்டிக்குன்னு போட்டிருக்கும், அத விட்டுட்டு மணிக்கு எத்தனை லிட்டர் தாங்கும்னு பாருங்க, ஏன்னா ரோலருக்கு உங்க தொட்டி பெருசா சின்னதாங்கிறது கவலையில்ல, பைப்ல எவ்வளவு தண்ணி வருதுங்கிறதுதான் கவலை. ரிட்டர்ன் பம்ப் மேல 3000 லிட்டர்னு போட்டிருந்தாலும் நாலடி அஞ்சடி உயரத்துக்கு தள்ளும்போது அந்த அளவு வராது, அதையும் கணக்குல எடுக்கணும். அடுத்தது சம்ப்ல தண்ணி நிக்கிற உயரம். மேனுவல்ல போட்ட அளவுக்கு மேல தண்ணி நின்னா உள்ளுக்கும் வெளிக்கும் மட்ட வித்தியாசம் பத்தாம தண்ணி துணிய தாண்டாது, லேசா அழுக்கு பட்டதுமே மட்டம் ஏறி மோட்டார் ஓடிடும், மாசக்கணக்கா வரவேண்டிய ரோல் மளமளன்னு தீரும். ரோல் சீக்கிரம் தீருதுன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்கு போறதுக்கு முன்னாடி ஒரு ஸ்கேல் எடுத்து சம்ப்ல வெச்சு பாருங்க, ரொம்ப பேருக்கு கோளாறு அங்கதான். மட்டம் ஜாஸ்தின்னா கீழ அக்ரிலிக் ஸ்டாண்ட் வெச்சு ரோலர தூக்கிக்கலாம், சம்புக்குள்ள இருக்கிற தடுப்போட உயரம் மாத்த முடிஞ்சா அதையும் பண்ணலாம்.

இத கொஞ்சம் பெருசாவே போடுங்க சார். எமர்ஜென்சி பைப்ப ரோலருக்குள்ள விடவே கூடாது. மெயின் பைப் அடைச்சா தண்ணி இறங்க இருக்கிற மாற்று வழி அது, நேரா சம்புக்குள்ளதான் போகணும். அழகா இருக்கட்டும்னு ரெண்டையும் ஒண்ணா சேத்து ஒரே எல்போல, அதாவது வளைவு பைப்ல, ரோலருக்குள்ள கொண்டுவர்ற ப்ளம்பர்கள் இருக்காங்க, அப்புறம் ஒரு நத்தை போய் அந்த எல்போல உக்காந்தா மேல் தொட்டி வழிஞ்சு ஹால் முழுக்க உப்புத்தண்ணி.

நம்ம ஊருக்குன்னு இருக்கிற இன்னொரு தலைவலி கரண்ட் கட். பம்ப் நின்னதும் மேல இருக்கிற தண்ணி வழியுற மட்டம் வரைக்கும் கீழ இறங்கும், ரிட்டர்ன் பைப்பும் தன் வாய்ல காத்து புகுற வரைக்கும் திரும்பி உறிஞ்சிக்கிட்டே இருக்கும். அவ்வளவும் சம்ப்ல நிக்க எடம் இருக்கணும், அப்படி நின்ன உச்சி மட்டத்துக்கு மேலதான் ரோலர் மோட்டாரும் அதோட வயரும் இருக்கணும். மாட்டுன அன்னிக்கே பம்ப் ஸ்விட்ச ஆஃப் பண்ணி எது வரைக்கும் ஏறுதுன்னு மார்க்கர்ல கோடு போட்டுருங்க. கண்ட்ரோலர் அடாப்டர சம்புக்கு நேர் மேல மாட்டாதீங்க, உப்புத் துளி கலந்த ஈரக்காத்து அத தின்னுடும். கரண்ட் திரும்பி வந்ததும் அடியில படிஞ்சதெல்லாம் கலங்கி ஒரேயடியா வரும், ரோலர் கொஞ்ச நேரம் நிக்காம ஓடும், அது ரிப்பேர் இல்ல பயப்படாதீங்க.

மாட்டியாச்சு, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, எல்லாரும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுறாங்க. பிரச்சனையே இதுக்கு அப்புறம்தான். பவளத்துக்கும் கொஞ்சம் நைட்ரேட், பாஸ்பேட் வேணும், ரோலர், ஸ்கிம்மர், பாஸ்பேட்ட உறிஞ்சுற மீடியா மூணும் சேந்து ரெண்டையும் பூஜ்யத்துக்கு தள்ளிடுச்சுன்னா பவளம் வெளுத்துப்போகும், மணல் மேல பழுப்பு கலர்ல சளி மாதிரி இழை இழையா, நுனியில காத்துக்குமிழியோட டைனோங்கிற நுண்ணுயிர் படலம் வரும். பாசிய கூட அடக்கிடலாம், டைனோவோட மல்லுக்கட்டுறது இருக்கே, அனுபவிச்சவங்கள கேளுங்க. அதனால டெஸ்ட் கிட் வாங்காம ரோலர் வாங்காதீங்க. நைட்ரேட் 5 பிபிஎம் (பத்து லட்சத்துல 5 பங்கு) பக்கம், பாஸ்பேட் 0.03ல இருந்து 0.1 பிபிஎம்முக்குள்ள நின்னா பெரும்பாலான தொட்டிக்கு போதும், குறைஞ்சா தீனிய கூட்டுங்க, சந்தோஷமா கூட்டுங்க, ரோலர் வெச்சதே அதுக்குத்தானே. பைட்டோங்கிற நுண்பாசி மாதிரி ரொம்ப பொடியான உணவு ஊத்தும்போது ரிட்டர்ன் பம்ப கொஞ்ச நேரம் நிறுத்திருங்க, இல்லன்னா பவளத்துக்கு ஊத்துனது துணிக்குத்தான் போகும். சாக்ஸ், ஸ்பாஞ்ச் எல்லாத்தையும் ஒரே நாள்ல தூக்காதீங்க, அதுலயும் பாக்டீரியா குடும்பம் நடத்துது.

துணி பத்தியும் சொல்லணும். தீந்த ரோல் ஈரத்தோட நல்ல கனம், நம்ம சூட்டுக்கு நாத்தம் வேற, முழுசா தீரட்டும்னு காத்திருக்காம பாதியில வெட்டி எடுத்துடலாம். அது பிளாஸ்டிக் நாருதான், மக்காது, டாய்லெட்ல போட்டு ஃப்ளஷ் பண்றவங்க தயவுசெஞ்சு நிறுத்துங்க. சாக்ஸ அலசி திரும்ப மாட்டலாம், இத முடியாது, அந்த ஒரு விஷயத்துல எனக்கும் இந்த மெஷின் மேல மனசு ஒப்பல. கைக்கு நேரம் இருக்கிறவங்க சின்ன தொட்டிக்கு சாக்ஸே வெச்சுக்கலாம்னுதான் சொல்வேன், ஃபேஷனுக்காக மாத்த வேணாம்.

கடைசியா உங்க படம். கட்டுரையில போட்டிருக்கிற தொட்டியில மான்கொம்பு மாதிரி கிளை விட்டிருக்கிறது கெட்டிப் பவளம். வெளிநாட்டு தொட்டி படமா இருக்கும், ஆனா இத இங்க ஒடைக்கவோ விக்கவோ வாங்கவோ கூடாதுன்னு கீழ ஒரு வரி போட்டிருக்கணும். கெட்டிப் பவளம் எல்லா வகையும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் 2001லேயே 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில சேத்தாச்சு, கடல் குதிரையும் அப்பவே சேந்துச்சு. மன்னார் வளைகுடாவுல தூத்துக்குடியிலேர்ந்து ராமேஸ்வரம் வரைக்கும் இருக்கிற 21 தீவ சுத்தி ஒரு காலத்துல சுண்ணாம்புக்காக பவளத்த வெட்டி வண்டி வண்டியா ஏத்துனாங்க, அந்த பகுதிதான் 1986ல கடல்சார் தேசிய பூங்கா ஆச்சு. படத்த பாத்துட்டு ஒரு பையன் கடைக்கு போய் அதே மாதிரி வேணும்னு கேட்டா, எவனாவது எங்கயிருந்தாவது ஒடைச்சு கொண்டுவந்து குடுப்பான், மாட்டுனா கேஸ் வாங்கினவன் மேலயும்தான். மீனுக்கு அந்த கவலை இல்லாம பண்ணலாம், கிளவுன் மீன பொரிப்பகத்துலயே வளக்குற முறைய நம்ம மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் எப்பவோ உருவாக்கி சொல்லிக்குடுத்துட்டு இருக்கு, பொரிப்பக மீனான்னு கேட்டு வாங்கலாம்.

அடுத்த இணைப்புல ஒரு திருத்தம் போடுவீங்கன்னு நம்புறேன். சம்ப் படம் வரைஞ்சு போடுறதா இருந்தா எமர்ஜென்சி பைப் ரோலருக்கு வெளிய இறங்குற மாதிரி வரையச் சொல்லுங்க, ஆர்ட்டிஸ்டுக்கு சந்தேகம்னா நான் என் தொட்டிய போட்டோ எடுத்து அனுப்புறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகர்,
பெரம்பூர், சென்னை