செயலாளரின் ஆண்டறிக்கை: 2024–2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அடிக்கடி விமானத்தில் பறந்து, பின்னர் பயணச்சீட்டாக மாற்றிக்கொள்ளத்தக்க மைல் புள்ளிகளைச் சேர்ப்போரான நம் சங்கத்தின் ஓராண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடைபெற்றன. 2024 ஜூன் 11 அன்று திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையம் பயன்பாட்டுக்கு வந்ததும், அதற்கடுத்த கூட்டத்தில் புள்ளிகளை விட ஓய்வறை பற்றியே அதிகம் பேசப்பட்டது.

ஆண்டின் பெரும்பணி, நவம்பர் 12 அன்று விஸ்தாரா விமான நிறுவனம் ஏர் இந்தியாவுடன் இணைந்ததையொட்டி அமைந்தது. விஸ்தாராவின் கிளப் விஸ்தாரா திட்டத்தில் சேர்த்த புள்ளிகள் ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப் திட்டத்துக்கு மாறவிருந்ததால், இரண்டிலும் கணக்கு வைத்திருந்தவர்கள் தம் பெயர் இரண்டிலும் ஒன்றுபோல் உள்ளதா என முன்கூட்டியே சரிபார்க்குமாறு செயற்குழு அறிவுறுத்தியது. நம்மவர்க்குக் குடும்பப்பெயர் கிடையாது. ஒரு கணக்கில் ‘கே. முருகேசன்’ என்றும், மற்றொன்றில் கடவுச்சீட்டில் உள்ளபடி ‘முருகேசன் கந்தசாமி’ என்றும் இருந்தால், கணினிக்கு அவர்கள் இருவர். இத்தகைய வேறுபாடு உள்ள உறுப்பினர்களுக்குக் கடவுச்சீட்டு நகலுடன் திருத்த விண்ணப்பம் எழுத உதவினோம்.

சிங்கப்பூருக்கு ஸ்கூட் விமானத்தில் செல்வோர் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் திட்டத்தில் சேர்க்கும் மைல்கள் மூன்று ஆண்டுகளில் காலாவதியாகும் என்பதைப் பலமுறை நினைவூட்டியும், பேரன் திருமணத்துக்கு ஆகும் என்று பூட்டி வைப்பவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். மைல் என்பது வைப்பு நிதியன்று. அதற்கு வட்டி இல்லை, மதிப்போ எந்த நாளிலும் குறைக்கப்படலாம். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது அதன் புள்ளித் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் புள்ளிகள் தப்பின. ஆனால் அவற்றைக் கொண்டு ஏறிப் பறக்க ஜெட் விமானம் இல்லை.

கொழும்பு வழியாகச் செல்வோருக்கு ஒரு தகவல்: ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2014 முதல் ஒன்வேர்ல்டு என்னும் விமான நிறுவனக் கூட்டணியில் இருப்பதால், அக்குறும்பயணத்தின் மைல்களைக் கூட்டணியின் வேறொரு நிறுவனக் கணக்கிலும் வரவு வைக்கலாம்.

புள்ளிகளைப் பணத்துக்கு விற்றுத் தரும் இடைத்தரகர்கள் சில உறுப்பினர்களை அணுகியதாகத் தெரியவந்தது. பொதுவாக விமான நிறுவன விதிகள் இதைத் தடைசெய்வதோடு, கணக்கையே முடக்கவும் இடமளிக்கின்றன. சங்கம் இதற்குத் துணைபோகாது எனத் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்